தெருவில் விழுந்து கிடந்த முகப்பு: சிகாகோவின் முதல் கட்டடக் கலைஞரும் அவர் கட்டிய கடைத்தெருக்களும்

1837 ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து சிகாகோ வந்து இறங்கிய ஒரு தச்சர், ஊரைப் பார்க்கக் கிளம்பியதும் கண்ணில் பட்டவற்றில் ஒன்று முகம் இல்லாத மூன்று கட்டடங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியவை. தெருவைப் பார்த்த முன்சுவர் மூன்றும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, குப்புற விழுந்தவர்போலத் தெருவில் கிடந்தன.

தச்சர் நின்று ஆராய்ந்தார். முந்தைய குளிர்காலத்தில் உறைபனி அஸ்திவாரத்துக்கும் கீழே வெகு ஆழம் இறங்கி, அடியில் இருந்த புதைமணலைக் கல்லாக இறுக்கியிருக்கிறது. கட்டடம் தெற்குப் பார்த்தது. பனிக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் தெற்குப் பாதி மண் முதலில் இளகிக் குழம்பாகிவிட்டது. வெயில் படாத பாதி இன்னும் கெட்டியாகவே இருந்தது. முன்பக்கத்துக்குக் கால் போய்விட்டது, அவ்வளவுதான். செங்கல்லில் குறையில்லை, கொத்தனார் மேலும் பிழை சொல்ல முடியாது. இந்த மண்ணில் எப்படிக் கட்ட வேண்டும் என்று யோசிக்க ஊரில் ஆள் இல்லாததுதான் காரணம்.

அந்தத் தச்சரின் பெயர் ஜான் எம். வான் ஆஸ்டெல். வயது 25. பால்டிமோரில் பிறந்தவர், தச்சரின் மகன். அவருடைய இந்த நினைவைப் பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதி வைத்திருக்கிறார். சிகாகோவின் முதல் கட்டடக் கலைஞர் என்று பின்னாளில் அவரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிகாகோ என்றால் வானளாவிகள், எஃகுச் சட்டகம், லூயி சல்லிவன், ஃபிராங்க் லாயிட் ரைட் போன்ற பெரிய கட்டடக் கலைஞர்கள் என்றுதான் நம் நினைவு ஓடும். அவர்களுக்கெல்லாம் முன்னால், சேற்றில் நின்ற ஒரு சந்தை ஊரை நகரமாக்கியது கடைக்காரர்களுக்குக் கட்டப்பட்ட நாலைந்து மாடிக் கட்டடங்கள். அவற்றில் கணிசமானவை வான் ஆஸ்டெல் கைப்பட்டவை. இன்று தேடிப் போனால் விரல் விட்டு எண்ணும்படிகூட மிச்சமில்லை. ஏன் மிஞ்சவில்லை என்று கேட்டால் உடனே 1871 பெருந்தீ என்று பதில் வரும். அது பாதி உண்மை.

அவரை வரவழைத்தவர் வில்லியம் பட்லர் ஆக்டன். நிலம் வாங்கி விற்பவர். சிகாகோ நகரமாக அறிவிக்கப்பட்ட அதே 1837-ல் அதன் முதல் மேயர். தனக்கு ஒரு நல்ல வீடு வேண்டும், அதற்கு ஊரில் ஆள் போதாது என்று நியூயார்க்கில் பார்த்த இந்த இளைஞரைப் பிடித்துக்கொண்டார். கதவு, ஜன்னல், படிக்கட்டு மரவேலை எல்லாவற்றையும் அங்கேயே செய்து, மூட்டை கட்டி, கப்பலில் கையோடு கொண்டுவந்தார் வான் ஆஸ்டெல். சிகாகோவின் மக்கள்தொகை அப்போது 4,000 சொச்சம். மிச்சிகன் ஏரிக்கரை, ஒரு சோம்பேறி ஆறு, ஏரி மட்டத்துக்குச் சில அடி மட்டுமே மேலே கிடக்கும் சதுப்பு. மேலே ஈர மண், கீழே ஓரடுக்கு கெட்டிக் களிமண், அதற்கும் கீழே மெழுகுபோல் நெகிழும் நீலக் களி. பாறை வேண்டுமானால் ஏறத்தாழ 100 அடி தோண்ட வேண்டும். தெருவில் வண்டி புதைந்த இடத்தில் “இங்கே அடியே கிடையாது” என்று பலகை நட்டு வைப்பார்களாம்.

அப்படிப்பட்ட ஊருக்கு யார் வருவார்கள்? கால்வாய் வரப்போகிறது என்று நம்பியவர்கள் எல்லாம் வந்தார்கள். மிச்சிகன் ஏரியை இல்லினாய் ஆற்றோடு இணைத்தால், நியூயார்க்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை தண்ணீர்ப் பாதையிலேயே சரக்கு போகும். அந்தக் கால்வாய்க்குப் பணம் திரட்டத்தான் 1830-ல் இந்த இடத்தை அளந்து, மனை போட்டு விற்றார்கள். ஊர் உருவாகுமுன் மனை உருவாகிவிட்டது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். பூர்வ மனைகள் 80 அடி அகலம், 180 அடி நீளம். தெரு முகம்தான் காசு என்பதால் வாங்கியவர்கள் அதை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக அறுத்து விற்றார்கள். 20 அடி அகலத்துக் கடைகள், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். இருபக்கமும் அடுத்தவர் சுவர். வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டும்தான் வரும்.

வந்த வருடமே வான் ஆஸ்டெலுக்கு நேரம் சரியில்லை. 1837-ல் அமெரிக்கா முழுக்க வங்கிகள் கவிழ்ந்தன. மனை விலை சரிந்தது. கால்வாய் வேலையும் சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆக்டன் வீடு முடிந்ததும் அவர் கப்பல் தச்சு வேலைக்குப் போனார். நடுவே நியூயார்க் திரும்பி ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தார். மறுபடி சிகாகோ வந்து 1843-ல் கூட்டாகச் சேர்ந்து ஒரு இரும்பு வார்ப்பாலை நடத்தினார். வேலை கிடைக்காமல் அல்லாடிய காலம் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். தச்சு, கப்பல், வார்ப்பிரும்பு மூன்றிலும் கை நனைத்தவர் என்பது பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்று பார்த்தால் அப்படித் தள்ள மனம் வராது.

1844 குளிர்காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரின் பெரிய மேஸ்திரிகள் சேர்ந்து அவரிடம் வந்து, “நீங்கள் பிளான் போடும் அலுவலகம் ஒன்றைத் திறங்கள், உங்கள் வரைபடம் இல்லாமல் முக்கியமான கட்டடம் எதையும் நாங்கள் எடுக்கமாட்டோம்” என்ற பொருளில் வாக்குக் கொடுத்தார்கள். அதுவரை சிகாகோவில் கட்டடக் கலைஞர் என்று யாரையும் யாரும் அமர்த்தியதே இல்லை. கட்டுபவரே பிளான் போட்டுக்கொள்வார். அல்லது முதலாளி குச்சியை எடுத்துத் தரையில் கோடு கிழித்துக் காட்டுவார். காசு கொடுத்துக் காகிதம் வாங்க வேண்டும் என்றால் முதலாளிக்குச் சிரிப்பு வரும்.

மேஸ்திரிகளுக்கு ஏன் இந்த அக்கறை? கலைத் தாகம் இல்லை. ஒரே வேலைக்கு மூன்று பேர் விலை சொல்லும்போது மூவர் மனதிலும் மூன்று வெவ்வேறு கட்டடங்கள் இருக்கும். குறைந்த விலை சொன்னவர் எதைக் குறைத்தார் என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரியும். ஒரே வரைபடம், ஒரே அளவு, ஒரே விவரக் குறிப்பு என்று வந்துவிட்டால் போட்டி நியாயமாக இருக்கும், தகராறு குறையும். வெளியூர்க்காரர் பணம் போட்டுக் கட்டும் ஊர் அது; நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பணம் என்னவாகப் போகிறது என்று காட்ட ஒரு தாள் வேண்டும். வளரும் ஊரில் கட்டடக் கலைஞர் இப்படித்தான் முளைக்கிறார். அழகுக்காக யாரும் அவரைக் கூப்பிடவில்லை, நம்பிக்கைக்காகக் கூப்பிட்டார்கள். 1845-ல் வார்ப்பாலைக் கூட்டை முடித்துக்கொண்டு வான் ஆஸ்டெல் முழுநேரமும் வரைபட மேசைக்கு வந்தார்.

நல்ல நேரமும் வந்தது. 1848-ல் கால்வாய் திறந்தது, அதே ஆண்டு முதல் ரயில் ஓடியது, அதே ஆண்டு தானிய வியாபாரிகளின் வணிக மன்றமும் தொடங்கியது. 1840-ல் 4,470 ஆக இருந்த மக்கள்தொகை 1850-ல் 29,963. அடுத்த பத்தாண்டில் லட்சத்தைத் தாண்டியது. கால்வாய் இன்னொரு வரத்தையும் கொடுத்தது. லெமாண்ட் பக்கம் தோண்டியபோது அடியில் நல்ல சுண்ணாம்புக்கல் கிடைத்தது. வெட்டும்போது வெளுப்பாகவும் நாளாக ஆக வெண்ணெய் நிறமாகவும் மாறும் கல். வியாபாரிகள் விட்டுவிடுவார்களா? “ஏதென்ஸ் பளிங்கு” என்று பெயர் சூட்டி விற்றார்கள். பளிங்கும் இல்லை, கிரேக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. சரக்குப் படகில் ஏற்றி நேரே ஊர் நடுவில் இறக்கலாம் என்பதுதான் அதன் உண்மையான மகிமை. வெட்டிய பள்ளமே கல் குவாரியாகவும் அதைச் சுமக்கும் சாலையாகவும் ஆனது.

லேக் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேரும் முனையில் 1850-ல் வான் ஆஸ்டெல் வடிவமைத்த ட்ரெமாண்ட் ஹவுஸ் விடுதி எழுந்தது. அதே பெயரில் அது மூன்றாவது விடுதி. செங்கல் கட்டடம், அன்றைய சிகாகோவுக்கு மிரட்டும் அளவு. 1858 ஜூலையில் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதன் மாடத்தில் நின்று பேசினார், மறுநாள் அதே மாடத்தில் ஆபிரகாம் லிங்கன் பதில் பேசினார். அந்த விடுதியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

லேக் தெருதான் அப்போது ஊரின் கடைத்தெரு. ஆற்றங்கரையில் கப்பல் சரக்கு இறங்கும் தென்கரைத் தெருவுக்கு அடுத்தது. ஜவுளி, தோல், இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் எல்லாம் அங்கே. கீழே கடை, மேலே கிடங்கு, நடுவில் அலுவலகம். இருபதடி முகத்தில் எவ்வளவு கண்ணாடி வைக்க முடியுமோ அவ்வளவு வியாபாரம். செங்கல்லில் கட்டினால் ஐந்து மாடிச் சுவரின் கனத்தைத் தாங்க அடிப்பகுதியில் தடித்த தூண்கள் வேண்டும், ஜன்னல் சுருங்கும். இந்த இடத்தில்தான் பழைய வார்ப்பாலைக்காரர் விழித்துக்கொண்டார். சிகாகோவுக்கு வார்ப்பிரும்பு முகப்பைக் கொண்டுவந்தவர் வான் ஆஸ்டெல். ஆண்டு 1856. பாகங்கள் நியூயார்க்கில் டேனியல் பேட்ஜரின் இரும்பாலையில் வார்க்கப்பட்டு வந்தன. பேட்ஜர் 1865-ல் வெளியிட்ட படப்பட்டியலில் சிகாகோ முகப்புகளும் பெருமையாக இடம்பெற்றிருக்கின்றன.

அது செய்யப்படும் விதத்தைச் சொன்னால்தான் அதன் கவர்ச்சி புரியும். ஒரு தூணை, ஒரு ஜன்னல் வளைவை, ஒரு இலைக் கொத்தை மரத்தில் செதுக்குவார்கள். அதை ஈர மணலில் அழுத்தி அச்செடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஒரு மர அச்சு போதும், நூறு தூண் எடுக்கலாம். கல்லில் செதுக்கினால் ஒவ்வொரு தூணுக்கும் சிற்பிக்குக் கூலி. இரும்பில் முதல் தூணுக்கு மட்டும்தான் சிற்பி. பாகங்களுக்கு எண் போட்டு, பெட்டியில் அடுக்கி, ஏரி வழியாகவோ ரயிலிலோ அனுப்புவார்கள். இங்கே போல்ட் போட்டு முடுக்கினால் வெனிஸ் மாளிகை முகம் ஒன்று சில வாரங்களில் நிற்கும். அழுத்தத்தைத் தாங்குவதில் வார்ப்பிரும்பு கெட்டிக்காரன்; ஒல்லியான தூணே ஐந்து மாடிக்குப் போதும். தூண் ஒல்லியானால் கண்ணாடி அகலும். கடைசியில் மணல் கலந்த சாயம் பூசிக் கல் மாதிரியே ஆக்கிவிடுவார்கள். இன்றும் பழைய வீதிகளில் இது கல்லா இரும்பா என்று சந்தேகம் வந்தால் ஆர்வலர்கள் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பார்கள். தொப்பென்று ஒட்டிக்கொண்டால் குட்டு வெளிப்பட்டது.

இதைப் போலித்தனம் என்று பின்வந்த கட்டடக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனில் சரக்கு எடுத்துக் கடனில் விற்கும் ஊரில், கடையின் முகப்பு என்பது முதலாளியின் நாணயத்துக்குச் சாட்சி. நேற்று வந்தவன் நாளைக்கும் இருப்பான் என்று வாங்குபவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை மாதக் கணக்கில் செதுக்கிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. பெட்டியில் வரவழைத்தார்கள்.

இதற்குள் ஊரே தன் காலடியைத் திருத்த வேண்டியதாயிற்று. சாக்கடை எங்கும் ஓடவில்லை, ஓடச் சரிவில்லை. 1849-லும் 1854-லும் காலரா ஊரை அடித்தது. பொறியாளர் எல்லிஸ் செஸ்ப்ரோ ஒரு யோசனை சொன்னார்: குழாயைத் தோண்டிப் புதைக்க முடியாவிட்டால் தரைக்கு மேலேயே போடுவோம், பிறகு தரையைக் குழாய்க்கு மேலே தூக்குவோம். அப்படியே செய்தார்கள். தெருக்கள் பல அடி உயர்ந்தன. ஏற்கெனவே கட்டிய கட்டடங்களின் தரைத்தளம் பாதாளமாகிவிட்டது. சில கடைகள் புது மட்டத்தில், சில பழைய மட்டத்தில். நடைபாதை முழுக்கப் படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

கட்டடங்களைத் தூக்குவதைத் தவிர வழியில்லை. 1860 ஏப்ரலில் லேக் தெருவில் கிளார்க் தெருவுக்கும் லசால் தெருவுக்கும் நடுவே இருந்த கடை வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். 320 அடி நீளம். எடை 35,000 டன் என்று மதிப்பிட்டார்கள். அஸ்திவாரத்தில் துளையிட்டு, உத்தரங்களைச் செருகி, அவற்றின் அடியில் 6,000 திருகு ஜாக்கிகளை வரிசையாக வைத்தார்கள். லாரிக்கு டயர் மாற்றும்போது வைக்கிறோமே, அதன் தாத்தா. 600 ஆட்கள், ஆளுக்குப் பத்து ஜாக்கி. சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு ஜாக்கியையும் சற்றே திருக வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் மேலே சுவர் விரியும். ஐந்து நாளில் வரிசை முழுவதும் 4 அடி 8 அங்குலம் எழும்பியது. மேலே கடைகள் திறந்தே இருந்தன. கீழே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கட்டடத்துக்கு அடியில் நடந்து பார்த்தார்கள்.

மறு ஆண்டு ட்ரெமாண்ட் ஹவுஸ் முறை. ஆறு அடி தூக்க வேண்டும், உள்ளே விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்கள். யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. விடுதியில் இருந்த ஒருவர், வாசல்படி நாளுக்கு நாள் செங்குத்தாகிக்கொண்டே போகிறதே, கண்மட்டத்தில் இருந்த ஜன்னல் தலைக்கு மேலே போய்விட்டதே என்று குழம்பியதாக ஒரு கதை உண்டு. கதை ஜோடிக்கப்பட்டதாக இருக்கலாம், வேலை நடந்தது நிஜம். அந்த வேலையை எடுத்தவர்களில் ஜார்ஜ் புல்மன் என்ற இளைஞரும் ஒருவர். பிற்பாடு தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளால் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

எனக்கு இதில் வியப்பு பொறியியல் மட்டுமல்ல. கட்டிப் பத்து வருடமான கட்டடத்தைத் தூக்கக் காசு செலவழித்தார்கள் என்றால் அந்த இடத்தின் மதிப்பு அவ்வளவு ஏறியிருந்தது. அந்த ஏற்றம் இன்னும் தொடர்ந்தால் என்ன ஆகும்? தூக்குவதற்குப் பதில் இடித்துவிடலாம் என்ற கணக்கு வரும். அது வந்தது, வேறு உருவத்தில்.

லேக் தெருவில் ஜவுளி வியாபாரம் செய்து பெரும்பணம் சேர்த்த பாட்டர் பால்மர், 1865-ல் கடையை மார்ஷல் ஃபீல்டு என்ற வியாபாரியிடமும் அவர் கூட்டாளிகளிடமும் ஒப்படைத்துவிட்டு, சந்தடியில்லாமல் ஸ்டேட் தெருவில் நிலம் வாங்க ஆரம்பித்தார். லேக் தெரு கிழக்கு மேற்காக ஆற்றுக்கு இணையாக ஓடுவது. ஸ்டேட் தெரு அதைக் குறுக்கே வெட்டித் தெற்கே போவது. குறுகலான, குடிசைகள் நெருங்கிய தெரு. முக்கால் மைல் நீளத்துக்குத் தெரு முகத்தை வாங்கி, கட்டடங்களைப் பின்னுக்குத் தள்ளித் தெருவை அகலப்படுத்தினார். 1868-ல் ஒரு பளிங்குக் கடையைக் கட்டி ஃபீல்டு கூட்டாளிகளையே வாடகைக்குக் குடியேற்றினார். பெரிய கடை நகர்ந்தால் மற்றக் கடைகளும் பின்னாலேயே போகும். ஒரே மனிதர் நாலைந்து வருடத்தில் ஊரின் கடைத்தெருவை 90 பாகை திருப்பிவிட்டார். வான் ஆஸ்டெலின் இரும்பு முகப்புகள் பன்னிரண்டு வருடத்தில் பழைய தெருவின் பழைய முகங்களாகிப் போயின. தீ அப்போது இன்னும் வரவே இல்லை.

ஸ்டேட் தெருவின் மகுடமாகப் பால்மர் ஒரு விடுதி கட்டினார். பால்மர் ஹவுஸ். வரைந்தவர் வான் ஆஸ்டெல்தான். வாடிக்கையாளர் தெருவை மாற்றினால் அவரும் மாற வேண்டியதுதான். 1871 செப்டம்பர் 26-ல் திறந்தது. பதின்மூன்று நாள் நின்றது. அக்டோபர் 8 இரவு மூண்ட தீ மூன்று சதுர மைலுக்கு மேல் தின்றது. 17,500 கட்டடங்கள் சாம்பல், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், சுமார் 300 பேர் மாண்டார்கள். தீப்பிடிக்காது என்று நம்பிக் கட்டிய இரும்பு முகப்புகளின் வண்டவாளமும் அன்று தெரிந்தது. இரும்பு எரியாது, ஆனால் சூட்டில் வலுவிழந்து வளையும். பழுக்கக் காய்ந்த நேரத்தில் தண்ணீர் பட்டால் விண்டுபோகும்.

அந்த இரவில் அறுபது வயது வான் ஆஸ்டெல் பால்மர் ஹவுஸுக்கு ஓடினார். வரைபடங்களையும் கணக்குப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு நிலவறைக்குப் போய், தரையில் குழி தோண்டி, உள்ளே வைத்து மணலையும் ஈரக் களிமண்ணையும் மேலே கொட்டி மூடினார். தீ அடங்கி, சூடு ஆறிய பிறகு தோண்டிப் பார்த்தால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரெல்லாம் கட்டடம் போய்விட்டது, இவரிடம் மட்டும் கட்டடத்துக்கான தாள் இருந்தது. உடனே வேலையைத் தொடங்க முடிந்த சிலரில் இவரும் ஒருவர் ஆனார். 1844-ல் மேஸ்திரிகள் கேட்டது இந்தத் தாளைத்தானே.

இந்தச் சம்பவத்திலிருந்துதான் களிமண்ணைத் தீத்தடுப்பாகப் பயன்படுத்தும் யோசனை பிறந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம்பத்தான் கொஞ்சம் தயக்கம். சுட்ட களிமண்ணில், உள்ளே வெற்றிடம் விட்டு, தளம் போடுவதற்கான கட்டிகளுக்கு ஜார்ஜ் எச். ஜான்சன் என்பவர் தீக்குச் சில மாதங்கள் முன்பே கூட்டாகக் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்த ஜான்சன் யாரென்று பார்த்தால், முன்பு பேட்ஜரின் இரும்பாலையில் வடிவமைப்பாளராக இருந்தவர். இரும்பின் பலவீனம் இரும்புக்காரருக்குத் தெரியாதா? ஆனால் காப்புரிமை வைத்திருப்பது வேறு, ஒரு முதலாளியைச் சம்மதிக்க வைப்பது வேறு. குழிக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்த காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் கட்டடக் கலைஞரிடம் களிமண்ணின் பெருமையை விளக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஜான்சன் சிகாகோ வந்தார். டியர்பார்னும் வாஷிங்டனும் சேரும் முனையில் 1872-73-ல் எழுந்த கெண்டல் கட்டடத்தில் வான் ஆஸ்டெலோடு சேர்ந்து அந்தத் தளத்தைப் போட்டார்.

முன்பெல்லாம் தீக்காப்புத் தளம் என்றால் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு கட்டி, மேலே காரை நிரப்புவார்கள். கனம் அதிகம். உத்தரத்தின் அடிப்பாகமோ வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். தீ வந்தால் அங்கேதான் நாக்கை நீட்டும். உள்ளே வெற்றிடம் விட்ட களிமண் கட்டிகளை ஆப்பு வடிவில் வார்த்து, ஒன்றை ஒன்று இறுக்கும்படி தட்டையாக அடுக்கினால் கனம் வெகுவாகக் குறையும், உட்காற்று சூட்டைத் தடுக்கும், இரும்பும் மூடப்படும். கட்டடம் இலேசானால் நீலக்களியில் அமிழ்வதும் குறையும். இரும்பைக் களிமண்ணுக்குள் ஒளித்து வைக்கும் இந்த உத்தி இல்லாமல், 1880-களில் அதே ஊரில் கிளம்பிய உயரக் கட்டடங்கள் பத்து மாடியை எட்டியிருக்க முடியாது. வான் ஆஸ்டெல் ஊரை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர். உள்ளே போனவர்கள் வேறு ஆட்கள்.

நேர்மையாகச் சொன்னால் வடிவமைப்பில் அவர் மேதை இல்லை. இத்தாலிய மாளிகை மாதிரி வளைந்த ஜன்னல், உச்சியில் வெளியே துருத்திய விளிம்பு, மாடிக்கு மாடி அதே வரிசை. தீக்குப் பின் ஊரைக் கட்டியெழுப்பிய அவசரத்தில் அவரும் மற்றவர்களும் எரிந்ததையே திரும்ப வரைந்தார்கள். வாடகைக்காரர் காத்துக்கொண்டிருக்கும்போது புதிதாக யோசிக்க யார் சம்பளம் கொடுப்பார்கள்? பின்னால் எழுதப்பட்ட சிகாகோ வரலாறுகளில் பலவும் அவரை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. இல்லினாய் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் வடிவமைத்த ஆளுநர் மாளிகை 1855-லிருந்து இன்றுவரை இருக்கிறது. அது இருக்கும் நிலத்தை யாரும் விலை பேச முடியாது, அதனால் இருக்கிறது. கடைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பால்மர் ஹவுஸ் 1873-ல் மறுபடி திறந்து, உலகின் ஒரே தீக்காப்பு விடுதி என்று விளம்பரம் செய்துகொண்டது. அதன் முடிதிருத்தகத்தின் தரையில் வெள்ளி டாலர்களைப் பதித்திருந்தார்கள். தீ அதைத் தொடவில்லை. 1920-களில் அந்த மனை இன்னும் பெரிய விடுதியைத் தாங்கும் விலைக்கு வந்ததும், விடுதியை மூடாமலேயே பகுதி பகுதியாக இடித்துப் புதியதைக் கட்டிக்கொண்டார்கள். கெண்டல் கட்டடமும் இன்று இல்லை. டியர்பார்ன், வாஷிங்டன் முனையில் வான் ஆஸ்டெல் 1872-ல் கட்டிய மெக்கார்த்தி கட்டடம் நூறு வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தது. 1984-ல் நகரம் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. மூன்றே வருடத்தில், அந்த வட்டாரம் முழுவதையும் துடைத்துப் பெரிய வணிக வளாகம் கட்டும் திட்டம் வந்ததும், அதே நகரம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 1989-ல் இடித்தார்கள். திட்டம் பணமில்லாமல் நின்றது. சிகாகோவின் நட்ட நடுவில் அந்த வட்டாரம் ஏறத்தாழ இருபது வருடம் காலி மனையாகக் கிடந்தது. குளிர்காலங்களில் அங்கே பனிச்சறுக்கு ஆட விட்டார்கள்.

ஸ்டேட் தெருவும் லேக் தெருவும் சேரும் தென்கிழக்கு முனையில் மட்டும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. தோல் வியாபாரிகளான பேஜ் சகோதரர்களுக்காக வான் ஆஸ்டெல் 1872-ல் கட்டியது. வார்ப்பிரும்பு முகப்பு இருப்பது லேக் தெருப் பக்கம். ஒல்லித் தூண்கள், அவற்றுக்கு நடுவே வளைந்த தலை கொண்ட அகலமான ஜன்னல்கள், மாடிக்கு மாடி ஒரே அச்சு. தீயில் இரும்பு காலைவாரியதைப் பார்த்த அடுத்த வருடமே மறுபடி இரும்பு. தோல் வியாபாரம் அப்போதும் லேக் தெருவில்தான் இருந்தது, அதனால் கட்டடத்தின் முகத்தை அந்தப் பக்கம் வைத்தார். ஸ்டேட் தெருப் பக்கம் சாதாரணச் செங்கல் பக்கச்சுவர். 1902-ல் உரிமையாளர்கள் அந்தச் செங்கல் பக்கத்தைத் திருத்தி அதையே முன்வாசலாக்கினார்கள், மேலே ஒரு மாடியும் ஏற்றினார்கள். பக்கத்திலிருக்கும் சிகாகோ திரையரங்கை 1980-களில் புதுப்பித்தபோது இதையும் அதோடு சேர்த்து மீட்டெடுத்தார்கள். உள்ளே எல்லாம் புதிது, வெளித்தோல் மட்டும் பழசு.

ஸ்டேட் தெருவில் வருபவர்கள் திரையரங்கின் பெரிய பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முனை திரும்பி லேக் தெருவுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே எஃகுத் தூண்களில் நிற்கும் மேம்பால ரயில் பாதை. 1890-களில் போட்டது, தெருவின் வானத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. வெளிச்சத்துக்காகவே அவ்வளவு ஒல்லியாக வார்த்த தூண்கள் அந்த நிழலில் நிற்கின்றன. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருபவருக்குத்தான் இரண்டாம் மாடி வளைவுகள் கிட்டத்தில் தெரியும், வண்டி அதைக் கடந்துபோகும் அந்தச் சில நொடிகள்.